ஓரிரு வரியில் கடந்துபோகும் பாடம்

எட்டாம் வகுப்பில் வளரிளம் பருவமடைதல் பாடத்தைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். பூப்படைதல், மாதவிடாய்ச் சுழற்சி, தன்சுத்தம், ஊட்டச்சத்து என்று எல்லாவற்றையும் கரும்பலகையில் படம் வரைந்து விளக்குவேன். ஐம்பது வயதை ஒட்டி மாதவிடாய் நின்றுவிடும் என்ற செய்தியும் அந்தப் பாடத்தோடு வரும். அதை ஓரிரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடுவேன். மாணவர்கள் யாரும் அதைப்பற்றிக் கேட்டதில்லை. நானும் விரித்துச் சொன்னதில்லை. அது எனக்கே நடந்தபோது, ஓர் அறிவியல் ஆசிரியரான எனக்கு அதைப்பற்றி எவ்வளவு குறைவாகத் தெரிந்திருக்கிறது என்பது புரிந்தது.

அப்போது எனக்கு வயது 46. ஆறு மாதங்களாக இரவில் சரியான தூக்கமில்லை. நள்ளிரவில் உடம்பு குப்பென்று சூடாகும், ரவிக்கை நனைகிற அளவுக்கு வியர்க்கும், பிறகு குளிரும். காலையில் எழுந்து சமைத்து, பேருந்தைப் பிடித்து, வழிபாட்டுக் கூட்டத்தில் நிற்கும்போதே பாதி நாள் வேலை செய்த களைப்பு இருக்கும். ஒருநாள் பிற்பகல் நான்காவது முறையாக வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த ஒரு மாணவனிடம் கத்தினேன். கண்டிப்பு வேறு, கத்தல் வேறு என்பது நமக்குத் தெரியும். நான் கத்தினேன். அவனுடைய நோட்டை வாங்கித் தரையில் வீசினேன். வகுப்பே உறைந்துபோனது. மறுநாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

மூன்றாம் நாள் அவனுடைய பாட்டி கூட்டிவந்தார். பெற்றோர் வெளியூரில் வேலை பார்ப்பதால் அவனை வளர்ப்பவர் அவர்தான். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் என் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, “என்னம்மா டீச்சரு, உடம்புக்கு முடியலையா? கண்ணெல்லாம் உள்ள போயிருக்கு” என்றார். நான் பதில் சொல்லாமல் நின்றேன். அவரே குரலைத் தாழ்த்திக்கொண்டு, “எனக்கும் தீட்டு நிக்கிற வயசுல இப்படித்தான் இருந்துச்சு. யாரப் பாத்தாலும் எரிச்சல். உசுரோட இருக்கணுமான்னுகூடத் தோணும். யார்கிட்டச் சொல்றது?” என்றார்.

பள்ளிக்கூடமே போகாத அந்தப் பாட்டி கேட்டது ஒரே கேள்விதான். அதைக் கேட்க நம் ஆசிரியர் அறையில் யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம். அந்தப் பேச்சுக்குப் பிறகு மருத்துவரிடம் கேட்டதையும், படித்துத் தெரிந்துகொண்டதையும், நானே பட்டு அறிந்ததையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன். இது பெண் ஆசிரியர்களுக்கு மட்டுமான கட்டுரை அல்ல. அம்மா, மனைவி, அக்கா, சக ஆசிரியர் என்று இந்த வயதில் ஒரு பெண்ணையாவது அறிந்த எல்லோருக்குமானது.

மாதவிடாய் நிறைவு என்றால் என்ன?

தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராமல் இருந்தால், அதற்குக் கருவுறுதல் போன்ற வேறு காரணம் எதுவும் இல்லையென்றால், மாதவிடாய் நிறைவடைந்ததாக மருத்துவர்கள் கொள்கிறார்கள். பொதுவாக இது 45 முதல் 55 வயதுக்குள் நடக்கிறது. இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதிலேயே வந்துவிடுகிறது. 40 வயதுக்கு முன்பே நின்றுவிட்டால் கட்டாயம் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கருப்பையோடு சினைப்பைகளையும் அறுவை சிகிச்சையில் எடுத்துவிட்டவர்களுக்கு இந்த மாற்றம் ஒரே நாளில் வந்துவிடுகிறது. அதனால் அவர்களுடைய சிரமமும் அதிகம்.

நம்மில் பலர் தவறாகப் புரிந்துகொள்வது ஒன்று உண்டு. மாதவிடாய் முழுவதும் நின்ற பிறகுதான் தொல்லைகள் தொடங்கும் என்று நினைக்கிறோம். உண்மையில் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பிருந்தே சினைப்பைகளின் செயல்பாடு சீரில்லாமல் போகிறது. ஒரு மாதம் 20 நாளில் வரும், அடுத்தது 50 நாள் ஆகும். ஒருமுறை அதிகம் போகும், ஒருமுறை பட்டும் படாமலும் இருக்கும். மனநிலை அதிகம் தடுமாறுவது இந்த இடைக்காலத்தில்தான். 42, 43 வயதில் ஒருவருக்கு இது தொடங்கலாம். “எனக்குத்தான் இன்னும் மாதாமாதம் வருதே” என்று நினைப்பதால் காரணம் இதுதான் என்பது பிடிபடுவதில்லை. எனக்கும் அப்படித்தான் ஆனது.

நமக்குப் பணி ஓய்வு வயது 60. ஆக, மாதவிடாய் நின்ற பிறகும் ஓர் ஆசிரியை ஏறத்தாழ 13, 14 ஆண்டுகள் வகுப்பறையில் நிற்கிறார். இது பணிக்காலத்தின் கடைசியில் ஓரமாக நடக்கும் ஒன்றல்ல. பணிக்காலத்தின் நடுவில் வந்து நிற்கும் ஒன்று.

உடம்புக்குள் நடப்பது மனத்தை ஏன் தொடுகிறது?

ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைக் கருப்பையோடு மட்டும் சேர்த்துப் பாடம் நடத்துகிறோம். ஆனால் மூளையிலும் அதற்கு வேலை இருக்கிறது. மனநிலை, தூக்கம், நினைவாற்றல் ஆகியவற்றோடு தொடர்புடைய செரட்டோனின் போன்ற வேதிப்பொருள்களின் செயல்பாட்டில் அதற்குப் பங்கு உண்டு. இடைக்காலத்தில் ஈஸ்ட்ரோஜன் படிப்படியாக இறங்கிப் போவதில்லை. ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். மின்னழுத்தம் ஏறி இறங்கும்போது வகுப்பறை விளக்கு மினுக்குவதைப் போல மனமும் மினுக்குகிறது.

உடல் வெப்பத்துக்கும் இதில் பங்கு இருக்கிறது. மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி உடல் வெப்பநிலையைச் சீராக வைத்திருக்கிறது. இஸ்திரிப் பெட்டியில் சூடு ஏறியதும் தானாக அணையும் அமைப்பு இருக்கிறதே, அதுபோல. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது இந்த அமைப்பு மிக நுட்பமாகிவிடுகிறது. உடல் வெப்பம் துளி ஏறினாலும் பெருஞ்சூடு என்று எண்ணி, தோலின் இரத்தக் குழாய்களை விரித்து, வியர்வையைக் கொட்டவைக்கிறது. சில நிமிடங்களில் அது அடங்கிவிடும். ஆனால் ஓர் இரவில் நான்கு முறை இப்படி நடந்தால் தூக்கம் நான்கு முறை கலைகிறது. பலருக்கு இந்தத் தொல்லை சில மாதங்களில் முடிவதில்லை. ஏழு ஆண்டுகளும் அதற்கு மேலும் நீடிப்பதுண்டு.

தூக்கம் கெட்டால் மறுநாள் என்ன ஆகும் என்று ஆசிரியர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பொறுமை குறையும். சின்ன விஷயம் பெரிதாகத் தெரியும். தெரிந்த மாணவனின் பெயர் நாக்கு நுனிவரை வந்து நிற்கும். எடுக்கப் போன பொருள் என்ன என்பது அலமாரி அருகே போனதும் மறந்துவிடும். “எனக்கு மறதி நோய் வந்துவிட்டதோ” என்று பயந்தேன். இந்த வயதில் ஏற்படும் இந்த மங்கல் பெரும்பாலும் தற்காலிகமானது, மறதி நோயின் தொடக்கம் அல்ல என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் நிம்மதி வந்தது.

இத்தனைக்கும் மேலே வாழ்க்கைச் சுமை இருக்கிறது. இதே வயதில்தான் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதுகிறார்கள் அல்லது படிப்புக்காக வெளியூர் போகிறார்கள். பெற்றோருக்கோ மாமனார் மாமியாருக்கோ உடம்பு முடியாமல் போகிறது. வீட்டுக்கடன் முடிந்திருக்காது. பள்ளியில் எமிஸ் பதிவு, திறனறித் தேர்வு, சிறப்பு வகுப்பு, விடைத்தாள் திருத்தம் எதுவும் குறைவதில்லை. எனவே ஹார்மோன்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்வதும் தவறு. ஹார்மோனுக்கு எந்தத் தொடர்பும் இல்லை, எல்லாம் மனப்பிரமை என்று சொல்வதும் தவறு. இரண்டும் சேர்ந்தே வேலை செய்கின்றன.

எரிச்சலா, மனச்சோர்வா?

மாதவிடாய் நிறைவு ஒரு நோய் அல்ல. பெரும்பாலான பெண்கள் பெரிய மனநலச் சிக்கல் இல்லாமல் இதைக் கடந்துவிடுகிறார்கள். ஆனால் இந்த இடைக்காலத்தில் மனச்சோர்வு வருவதற்கான வாய்ப்பு முந்தைய ஆண்டுகளைவிடக் கூடுகிறது என்பதும் உண்மை. முன்பு மனச்சோர்வு வந்தவர்கள், பிரசவத்துக்குப் பிறகு மனத்தளர்ச்சி கண்டவர்கள், மாதவிடாய்க்கு முந்தைய நாள்களில் மனம் மிகவும் தடுமாறுபவர்கள் ஆகியோர் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

எரிச்சல் வரும், போகும். நல்ல தூக்கம் கிடைத்த நாளில் குறைந்திருக்கும். மனச்சோர்வு அப்படிப் போவதில்லை. நம்மை நாமே கேட்டுக்கொள்ள இரண்டு கேள்விகள் உண்டு. கடந்த இரண்டு வாரங்களில் பெரும்பாலான நாள்கள் மனம் சோர்ந்து, நம்பிக்கை இழந்து இருந்தேனா? முன்பு விருப்பத்தோடு செய்த செயல்களில் ஆர்வமோ மகிழ்ச்சியோ இல்லாமல் இருந்தேனா? இந்த இரண்டில் ஒன்றுக்காவது “ஆம்” என்றால் மருத்துவரிடம் பேச வேண்டும். இவற்றோடு பசியின்மை, தூக்கமின்மை அல்லது அதிகத் தூக்கம், “நான் எதற்கும் பயனில்லாதவள்” என்ற எண்ணம், வாழ்வதில் சலிப்பு ஆகியவை சேர்ந்தால் நாள் கடத்தக் கூடாது.

என்னைக் கேட்டால், நான் விருப்ப ஓய்வு விண்ணப்பத்தை எழுதி வைத்திருந்தேன். “நான் நல்ல ஆசிரியை இல்லை, பிள்ளைகளைக் கெடுக்கிறேன்” என்று உறுதியாக நம்பினேன். அந்த நம்பிக்கையே ஒரு நோய்க்குறி என்று தெரியவில்லை. இந்த நிலையில் இருக்கும் யாருக்கும் நான் சொல்ல விரும்புவது இதுதான். பணியை விடுவது, சொத்தை விற்பது, உறவை முறிப்பது போன்ற பெரிய முடிவுகளைத் தூக்கமில்லாத மாதங்களில் எடுக்காதீர்கள். சிகிச்சை எடுத்து, மூன்று நான்கு மாதம் கழித்து, அதே முடிவு சரியென்று பட்டால் அப்போது எடுக்கலாம். என் விண்ணப்பம் இன்னும் பழைய டைரியில் மடித்தபடி இருக்கிறது.

மருத்துவரிடம் என்ன கேட்கலாம்?

அரசு மருத்துவமனையின் மகளிர் நலப் பிரிவில் என்னைப் பார்த்த மருத்துவர் முதலில் இரத்தப் பரிசோதனைகளைத்தான் எழுதிக் கொடுத்தார். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் சோர்வு, எடை கூடுதல், மறதி, மனத்தளர்ச்சி எல்லாம் வரும். இரத்தசோகை இருந்தாலும் அப்படித்தான். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. இடைக்காலத்தில் உதிரப்போக்கு அதிகமானால் அது இன்னும் கூடும். சர்க்கரை அளவு, பி12 வைட்டமின் குறைபாடு ஆகியவற்றையும் பார்த்துவிட வேண்டும். “எல்லாம் வயசுக் கோளாறு” என்று விட்டுவிட்டால், ஒரு மாத்திரையில் தீரக்கூடிய குறையோடு பல ஆண்டுகள் இழுத்துக்கொண்டு கிடப்போம். இன்னொன்றும் முக்கியம். மாதவிடாய் முழுவதும் நின்று ஓராண்டு ஆன பிறகு சிறிதளவு உதிரம் பட்டாலும் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

சிகிச்சை ஆளுக்கு ஆள் மாறும். உடல் வெப்பமும் வியர்வையும் மிகுந்த தொல்லை தந்தால் ஹார்மோன் சிகிச்சை நல்ல பலன் தரும். 60 வயதுக்குள், மாதவிடாய் நின்று பத்து ஆண்டுகளுக்குள் தொடங்குவோருக்குப் பொதுவாக அதன் நன்மை அதிகம். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், இரத்தக்கட்டு ஏற்பட்டவர்கள் போன்றோருக்கு அது பொதுவாகப் பொருந்தாது. அதனால் மருத்துவர் வரலாறு கேட்டு முடிவு செய்ய வேண்டும். தோழி சாப்பிடுகிறாள் என்று நாமும் வாங்கிச் சாப்பிடக்கூடிய மாத்திரை அது இல்லை. மனச்சோர்வு உறுதியானால் அதற்கான மருந்தும் உளவியல் ஆலோசனையும் உண்டு. எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்சி தரும் உளவியல் சிகிச்சை, மனச்சோர்வுக்கு மட்டுமின்றித் தூக்கமின்மைக்கும் உடல் வெப்பத் தொல்லையைத் தாங்குவதற்கும் உதவுகிறது. மனநல மருந்து சாப்பிட்டால் வாழ்நாள் முழுதும் விடமுடியாது என்ற பயம் பலருக்கு உண்டு. பெரும்பாலோருக்கு அப்படி ஆவதில்லை. ஆனால் தொடங்குவதைப் போலவே நிறுத்துவதும் மருத்துவர் சொல்படிதான் நடக்க வேண்டும்.

மருந்துக்கடையில் கேட்டுத் தூக்க மாத்திரை வாங்கிப் போடுவதை மட்டும் செய்யவே கூடாது. பழக்கமாகிவிடும் என்பதோடு, வயதானவர்கள் இரவில் தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிவதற்கும் அது காரணமாகிறது.

அன்றாடத்தில் உதவியவை

மருத்துவர் கொடுத்ததோடு நானும் சிலவற்றை மாற்றிக்கொண்டேன். மாலையில் குடித்த இரண்டு டம்ளர் காபியை நிறுத்தினேன். தூங்கும் அறையில் செல்பேசியை வைப்பதில்லை. எந்த நேரம் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுகிறேன். பேருந்தில் ஒரு நிறுத்தம் முன்பே இறங்கி நடக்கிறேன். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாளுக்கு அரைமணி நேரம், வாரத்தில் ஐந்து நாள் நடந்தால் கணக்கு சரியாகிவிடும். நடை எலும்புக்கும் நல்லது, மனத்துக்கும் நல்லது. கேழ்வரகு, எள், கீரை, மோர் ஆகியவற்றைச் சாப்பாட்டில் சேர்த்துக்கொண்டேன்.

இன்னொரு பழக்கம் நம் தொழிலிலிருந்தே வந்தது. பாடக்குறிப்பு எழுதுவதுபோல ஒரு சிறு குறிப்பேடு வைத்தேன். தூங்கிய மணி, வியர்த்த முறை, மனநிலை ஆகிய மூன்றை மட்டும் ஒவ்வொரு நாளும் எழுதினேன். மனநிலைக்கு ஐந்துக்கு இவ்வளவு என்று மதிப்பெண். ஆறு வாரத்தில் ஒன்று தெளிவானது. மதிப்பெண் இரண்டுக்குக் கீழே போன நாள்களில் பெரும்பாலானவை, முந்தைய இரவு நான்கு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கிய நாள்கள். “நான் கெட்டவள்” என்பதற்குப் பதிலாக “நேற்று நான் தூங்கவில்லை” என்று சொல்ல முடிந்தது. அந்த நாள்களில் பாடத்தைக் குழுச் செயல்பாடாக மாற்றிக்கொள்வேன். கோபம் தலைக்கேறினால் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, கரும்பலகையில் தேதி எழுதுவேன். அந்த அரை நிமிடம் போதும்.

பள்ளியில் என்ன செய்யலாம்?

இதற்குப் பெரிய நிதி எதுவும் தேவையில்லை. கழிப்பறை சரியாக இல்லாததால் நாள் முழுதும் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் ஆசிரியைகள் எத்தனை பேர் என்று தலைமையாசிரியர்கள் ஒருமுறை எண்ணிப் பார்த்தால் போதும். உதிரப்போக்கு அதிகமுள்ள நாளில் தொடர்ந்து மூன்று பாடவேளை நிற்க முடியாது. அந்த நாளில் இன்னொருவர் ஒரு பாடவேளையை மாற்றிக்கொள்ளலாம். மின்விசிறியின் கீழ் உள்ள இருக்கையை யாருக்குத் தருவது என்பதுகூடப் பெரிய உதவிதான்.

எங்கள் தலைமையாசிரியர் என்னைவிட வயதில் இளையவர், ஆண். நான் தயங்கித் தயங்கிச் சொன்னபோது அவர் சங்கடப்படவில்லை. “எங்கம்மாவும் பட்டாங்க டீச்சர். அப்ப எங்களுக்குப் புரியல. என்ன மாத்தணும்னு சொல்லுங்க” என்றார். கடைசிப் பாடவேளையை மாற்றித் தந்தார். அவர் செய்தது அவ்வளவுதான். ஆனால் அடுத்த நாள் பள்ளிக்கு வர எனக்கு இருந்த பயம் போய்விட்டது.

சக ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். “மேடத்துக்கு இப்ப அந்த வயசு, கிட்டப் போகாதீங்க” என்ற கிண்டல் ஆசிரியர் அறையில் சாதாரணமாகப் புழங்குகிறது. அதைக் கேட்ட பெண் அடுத்து மருத்துவரிடம்கூடச் சொல்ல மாட்டார். கிண்டல் செய்யும் அதே வாயால், “சாப்பிட்டீங்களா? ராத்திரி தூங்கினீங்களா?” என்று கேட்கலாம். அறிவுரை தேவையில்லை, கேட்டால் போதும்.

பணி ஓய்வுக்குப் பிறகும் முதுமையிலும்

மாதவிடாய் நிறைவுக்குப் பிறகு ஹார்மோன் ஏற்ற இறக்கம் அடங்கும்போது பலருக்கு மனமும் அமைதியடைகிறது. அதன்பின் வருவது வேறு வகைச் சோதனை. முப்பது ஆண்டுகள் மணியடித்தால் எழுந்து நடந்த கால்களுக்கு, மணியே அடிக்காத ஒரு ஜூன் மாதம் வருகிறது. “டீச்சர்” என்று அழைக்க ஆளில்லாத வீடு. கணவனையோ மனைவியையோ இழந்தால் அந்த வெறுமை இரட்டிப்பாகிறது. இதில் ஆண், பெண் வேறுபாடு இல்லை. ஓய்வூதியக் கணக்கை ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே போட்டுப் பார்க்கும் நாம், ஓய்வுக்குப் பிறகான திங்கட்கிழமை காலை எப்படி இருக்கும் என்று யோசிப்பதில்லை. பணியில் இருக்கும்போதே பள்ளிக்கு வெளியே ஒரு நட்பு வட்டத்தையும் ஒரு வேலையையும் உருவாக்கிக்கொள்ள வேண்டும். அது நூலகமாக இருக்கலாம், தோட்டமாக இருக்கலாம், தெருப்பிள்ளைகளுக்கு மாலை வகுப்பாகவும் இருக்கலாம்.

முதியோரின் மனச்சோர்வு அழுகையாக வெளிவருவது குறைவு. “கை கால் குடையுது”, “வயிறு சரியில்ல”, “எனக்கு எதுவும் வேணாம்” என்று உடல் வழியாகத்தான் வெளிவரும். என் மாமியாருக்கு 74 வயது. தொலைக்காட்சித் தொடரை விட்டார், திண்ணையில் உட்காருவதை விட்டார், கேட்டதற்கு மட்டும் ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னார். வயதாகிவிட்டது என்றே எல்லோரும் இருந்தோம். என் அனுபவத்துக்குப் பிறகுதான் சந்தேகம் வந்து அழைத்துப் போனேன். அவருக்குக் காது பெருமளவு கேட்கவில்லை. பேச்சு புரியாததால் பேச்சைவிட்டே விலகியிருக்கிறார். கூடவே மனச்சோர்வும் இருந்தது. காதுக்கருவியும் மருந்துமாக நான்கு மாதத்தில், “ஏம்மா, இன்னைக்கும் குழம்புல உப்புக் கம்மி” என்று சொல்லும் பழைய அத்தையாகிவிட்டார். கேட்கும் திறன் குறைவு, பார்வைக் குறைவு, தனிமை, மனச்சோர்வு ஆகியவை பின்னாளில் மறதி நோய் வருவதற்கான வாய்ப்பையும் கூட்டுகின்றன என்று லான்செட் இதழின் ஆய்வுக்குழு 2024 அறிக்கையில் பட்டியலிட்டிருக்கிறது. காதையும் கண்ணையும் கவனிப்பது மனத்தைக் கவனிப்பதன் ஒரு பகுதி.

ஒன்றை மட்டும் வேறுபடுத்தித் தெரிந்துகொள்ளுங்கள். நன்றாக இருந்த முதியவர் ஓரிரு நாளில் திடீரென்று ஆளடையாளம் தெரியாமல் பேசினால் அது முதுமையும் அல்ல, மனச்சோர்வும் அல்ல. நோய்த்தொற்று, உப்புச்சத்துக் குறைவு, பக்கவாதம் போன்ற ஏதோ ஒன்று இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

“நான் இருந்து யாருக்கு என்ன பயன்”, “சீக்கிரம் போய்ச் சேர்ந்துட்டா நல்லது” என்ற பேச்சை வயதானவர்களின் வழக்கமான புலம்பல் என்று தள்ளிவிடாதீர்கள். “அப்படின்னா உயிரை விட்டுடலாம்னு தோணுதா?” என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. மாறாக, உள்ளே இருப்பதைச் சொல்ல வழி பிறக்கும். தோன்றுகிறது என்று சொன்னால் தனியே விடாமல் உடனிருந்து, உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

உதவி எங்கே கிடைக்கும்?

2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலி மனாஸ் சேவையை 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம். தமிழ்நாடு அரசின் 104 மருத்துவ உதவி எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். முதியோருக்கான உதவி எண் 14567. மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனைகளில் மனநல மருத்துவர்களைப் பார்க்கலாம். அங்கே போவதில் வெட்கப்பட எதுவுமில்லை. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநலச் சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவரின் உரிமை என்கிறது. சிகிச்சை பற்றிய தகவல்கள் இரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என்றும் சொல்கிறது.

அக்டோபர் மாதத்தில் மூன்று நாள்கள் அடுத்தடுத்து வருகின்றன. 1ஆம் தேதி உலக முதியோர் நாள், 10ஆம் தேதி உலக மனநல நாள், 18ஆம் தேதி உலக மாதவிடாய் நிறைவு நாள். அந்த மாதத்துப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பத்து நிமிடம் இதற்காக ஒதுக்கலாம். கூட்டத்துக்கு வருபவர்களில் பெரும்பாலோர் தாய்மார்கள், பாட்டிமார்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து கிராம சுகாதார செவிலியரைப் பேச அழைக்கலாம். நாங்கள் கடந்த ஆண்டு அப்படிச் செய்தோம். முடிந்தபின் ஐந்து பேர் தனியாக வந்து பேசினார்கள். அவர்களில் இருவர் ஓராண்டுக்கும் மேலாக அதிக உதிரப்போக்கை யாரிடமும் சொல்லாமல் இருந்தவர்கள்.

அந்த மாணவனிடம், அவன் பாட்டியை வைத்துக்கொண்டே, “அன்னைக்கு நான் பண்ணினது தப்புடா தம்பி” என்று சொன்னேன். அவன் என்னைவிட அதிகம் சங்கடப்பட்டுத் தலைகுனிந்து நின்றான். வீட்டுப்பாடத்தை இப்போதும் அவன் ஒழுங்காக எழுதுவதில்லை, அது வேறு கதை.

இந்த ஆண்டு அதே பாடத்துக்கு வந்தபோது, மாதவிடாய் நிற்பதைப் பற்றிய பகுதியில் நின்றேன். “இந்த வயசுல வீட்ல யாரெல்லாம் இருக்காங்க?” என்று கேட்டேன். அம்மா, பெரியம்மா, பாட்டி என்று பெயர்கள் வந்தன. அவர்களுக்கு ஏன் தூக்கம் வராது, ஏன் கோபம் வரும், அப்போது நாம் என்ன செய்யலாம் என்று ஒரு முழுப் பாடவேளை பேசினோம். வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவி வந்து, “மிஸ், எங்கம்மா சும்மா சும்மா திட்டுறாங்கன்னு நினைச்சேன். இன்னைக்குப் போய்ப் பாத்திரம் நான் கழுவித் தர்றேன்” என்றாள்.

உங்கள் வகுப்பிலும் அந்தப் பாடம் வரும். அடுத்த தலைப்புக்குப் போவதற்குமுன் கொஞ்சம் நின்று பேசுங்கள்.